ரோபோவின் அருகில் நிற்போர்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற ‘டாவின்சி’ என்னும் அறுவைச் சிகிச்சை ரோபோ, சுயமாக எதையும் அறுப்பதில்லை. நோயாளியின் படுக்கையிலிருந்து சற்றுத் தள்ளி, முப்பரிமாணக் காட்சி தோன்றும் பெட்டியில் முகம் பதித்து அமர்ந்திருக்கும் சர்ஜனின் விரலசைவுகளை, கைநடுக்கத்தை நீக்கி, அளவில் சிறிதாக்கி, தேகத்தினுள் நுழைந்திருக்கும் நுண்கருவிகளுக்கு அது கடத்துகிறது.

ஆயினும், முன்பு படுக்கையைச் சூழ்ந்து நின்று, கண்ணசைவொன்றிலேயே குறிப்பறிந்து கருவியை நீட்டிய சகாக்களின் முகத்தை, இப்போது அவர் காண்பதற்கில்லை. ஆகையால் வாய்ச்சொல்லே பிரதானமாகிறது: கருவியை மாற்றும்படி ஒலிபெருக்கி வழியே அவர் கூறியதும், நோயாளியின் அருகில் நிற்கும் உதவி வைத்தியர் அதைத் திருப்பிச் சொல்லி, மாற்றிய பின், மாற்றியாயிற்று என்றும் தெரிவிப்பது மிக நல்ல வழக்கம். ரோபோவின் கரங்கள் வெளியே ஒன்றோடொன்று மோதுகின்றனவா, நோயாளியின் மேனியில் அழுந்துகின்றனவா என்பதைக் கவனிப்பவர்களும் அந்த உதவி வைத்தியரும் தாதியருமே.

திடீரென ரத்தப் பெருக்கு உண்டாகி வயிற்றைத் திறக்க நேரிட்டாலோ, சர்ஜன் கைகழுவி, அங்கியும் கையுறையும் தரித்து வருவதற்குள், கருவிகளை வெளியே எடுத்து, யந்திரத்தை அப்புறப்படுத்த வேண்டியவர்கள் மற்றவர்கள். இதனை மயக்க மருந்து நிபுணர் உள்ளிட்ட அனைவரும் ஒன்றுகூடி முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருப்பது அத்தியாவசியம்.