45 ரூபாய் செல்லா, 72,000 ரூபாய் லேப்டாப்பா? பூட் ஆகாத என் பழைய வொர்க்ஸ்டேஷன் கதை



பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுல எல்லா ஸ்விட்சையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். ஒன்பது நாள் கழிச்சு வந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணா, விண்டோஸ் வரலை. நீல ஸ்கிரீன், ரீஸ்டார்ட், மறுபடியும் நீல ஸ்கிரீன். 2019-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல 22,000 ரூபாய்க்கு வாங்கின செகண்ட் ஹேண்ட் வொர்க்ஸ்டேஷன் அது. நம்ம சேனல் வீடியோ எல்லாம் எடிட் ஆகறது அதுலதான். அதைவிட முக்கியம், ஆறு வருஷ ஃபார்ம் 16, அப்பாவோட இன்ஷூரன்ஸ் பாலிசி ஸ்கேன் எல்லாமே அதுக்குள்ள. பேக்கப்? எடுக்கணும், எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தேன். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன் லட்சணம் இது!

சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "எஸ்.எஸ்.டி போயிடுச்சு சார். டேட்டா எடுக்க 12,000 ஆகும், அதுவும் கேரண்டி கிடையாது. இதைக் கட்டிக்கிட்டு ஏன் சார் மாரடிக்கறீங்க, புதுசு வாங்கிடுங்க"ன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி 72,000 ரூபாய் லேப்டாப் ஒண்ணு கார்ட்ல ஏறிடுச்சு. நோ காஸ்ட் இ.எம்.ஐ, மாசம் 6,000, 12 மாசம். நோ காஸ்ட்னு பேருதான். வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சுக் காட்டுவாங்க, ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி-யும் பிராசஸிங் ஃபீஸும் நம்ம தலையிலதான் விழும். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு தடவை பயாஸ் உள்ள போய்ப் பார்ப்போம்னு தோணுச்சு.

பார்த்தா ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, எஸ்.எஸ்.டி பேரு அங்க தெளிவா தெரியுது. சுத்தமா செத்துப்போன டிஸ்க் அப்படி வந்து நிக்காது. ரெண்டாவது, தேதி 2010 ஜனவரி 1-னு காட்டுது.

மதர்போர்டுல சில்லறைக் காசு சைஸ்ல ஒரு செல் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துறது இதுதான். என் செல் எப்பவோ தீர்ந்திருக்கு. பிளக்குல கரண்ட் இருந்த வரைக்கும் பவர் சப்ளை அதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. நான் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போனதும் எல்லாம் அழிஞ்சு, கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிடுச்சு. அதுல சாட்டா மோட் 'ரெய்டு'. நான் விண்டோஸ் போட்டிருந்தது 'ஏ.ஹெச்.சி.ஐ' மோட்ல. மோட் மாறினா, நல்லா இருக்கற டிஸ்க்கையே விண்டோஸுக்கு அடையாளம் தெரியாது. நீல ஸ்கிரீன்ல 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு வந்ததுக்கு அர்த்தம் அதுதான்.

பவர் கேபிளைக் கழட்டி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு, பழைய செல்லை நெம்பி எடுத்துட்டுப் புதுசைப் போட்டேன் (பிளஸ் பக்கம் மேல). தேதியைச் சரி பண்ணி, மோடை ஏ.ஹெச்.சி.ஐ-க்கு மாத்தி சேவ் பண்ணேன். விண்டோஸ் வந்துடுச்சு! செலவு 45 ரூபாய். உங்க டிஸ்க்குல பிட்லாக்கர் லாக் போட்டிருந்தா மட்டும், பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரெக்கவரி கீ கையில இருக்கான்னு பாருங்க.

எல்லாருக்கும் செல்தான் பிரச்சனைன்னு சொல்ல வரலை. ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்ப்ளே வரலைன்னா முதல்ல ரேமைக் கழட்டி, தங்க நிறப் பட்டையை ரப்பரால மெதுவா துடைச்சு, ஒவ்வொரு ஸ்டிக்கா மாட்டிப் பாருங்க. பீப் சத்தம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க, உங்க மாடலோட மேனுவல்ல அதுக்கு அர்த்தம் இருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தாதீங்க, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாமப் போயிடும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் தயவுசெஞ்சு திறக்க வேண்டாம். பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கற அளவுக்கு சார்ஜ் நிக்கும்.

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்? என் கணக்கு இது: அதே மாடல் இன்னைக்கு செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைக்குக் கிடைக்குதோ, அதுல மூணுல ஒரு பங்கு. என் மெஷினுக்கு அது 4,000 ரூபாய்கிட்ட வருது. அதைத் தாண்டினா கைகழுவிடுவேன். மதர்போர்டுல கெப்பாசிட்டர் உப்பியிருந்தா அந்த 4,000-மும் வேஸ்ட்.

விண்டோஸ் வந்த அன்னைக்கே 4,800 ரூபாய்க்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணேன். அப்பா பாலிசி ஸ்கேன் தங்கச்சிகிட்டயும் ஒரு காப்பி இருக்கு.

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுபோச்சு, என் பிராசஸர் விண்டோஸ் 11 லிஸ்ட்லயே இல்லை. அதனால நெட் பேங்கிங், டீமேட் எதையும் இதுல ஓப்பன் பண்றதில்லை. லேப்டாப்பைக் கார்ட்ல இருந்து எடுத்துட்டு, மாசம் 3,000 ரூபாய்க்கு 24 மாச ஆர்.டி ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். வட்டியை விட்டுட்டாலே 72,000 சேர்ந்துடும். அது வரைக்கும் எடிட்டிங் இந்தக் கிழவன்லதான். செல் மாத்துறதை வீடியோவுல காட்டியிருக்கேன், பாருங்க.