பொருந்துமா, பொருந்தாதா?
துவக்கின் உறுப்பு கற்பித்த அளவுக் கலை

வன்னி நிலம் துவக்கின் ஓசையை நெடுங்காலமாக அறிந்த நிலம். 1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையத்தைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டே ஒக்டோபர் 31 ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் அவன் முறியடிக்கப்பட்டான். அதன் பின்னர் இரு நூற்றாண்டுகள் கழிந்து, 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில், ஒரு தலைமுறையே அவ்வோசையின் நடுவே வளர்ந்தது.

துவக்கு இம்மண்ணிலிருந்து கொண்டு சென்றவற்றை நாம் அறிவோம். எனினும், துவக்குச் செய்த தொழிற்சாலைகள் உலகுக்கு விட்டுச்சென்ற ஒரு நல்லறிவும் உண்டு. ஓர் இயந்திர உறுப்பு நல்லதா, தீயதா எனக் கண்ணால் மதியாது அளவால் மதிக்கும் கலையே அது. இன்று உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் அக்கலை வேண்டியதாகின்றது.

கொல்லனின் அரமும் காட்சியின் மயக்கமும்

பண்டாரவன்னியன் காலத்துத் துவக்குகள் ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒன்றின் விசையுறுப்பைக் கழற்றி மற்றொன்றில் வைத்தால், அரம் கொண்டு அராவாமல் பொருந்தாது. போர்க்களத்தில் ஒரு சிறு வில்சுருள் முறிந்தாலும் துவக்கு முழுவதும் பயனற்றுப்போம்.

இக்குறையை நீக்க முதலில் முயன்றோருள் ஒருவர் பிரான்சு நாட்டின் ஒனொரே பிளாங்க். 1785 ஆம் ஆண்டில் அவருடைய பட்டறைக்குச் சென்ற தோமஸ் ஜெபர்சன், குவியலிலிருந்து கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துத் தாமே பொருத்திப் பார்த்து வியந்தார். 1798 இல் அமெரிக்க அரசு 10,000 துவக்குகளுக்கு எலி விட்னியுடன் ஒப்பந்தம் செய்தது. அவரும் 1801 இல் தலைவர்கள் முன்னிலையில் அத்தகையதொரு காட்சியை நடத்திப் புகழ் பெற்றார். ஆனால், பிற்காலத்தார் அவர் செய்த துவக்குகளை ஆராய்ந்தபோது, அவற்றின் உறுப்புகள் பல தம்முள் மாறிப் பொருந்தவில்லை என்று கண்டனர். காட்சி வேறு, சோதனை வேறு.

மெய்யான சோதனை 1826 ஆம் ஆண்டளவில் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரில் நிகழ்ந்தது. ஜோன் ஹோல் என்பவர் செய்த 100 துவக்குகளை ஆய்வாளர்கள் கழற்றினர். உறுப்புகளை ஒன்றோடொன்று கலந்தனர். பின்னர் புதிய 100 மரக்கட்டைகளில் மீண்டும் பூட்டினர். அவை பொருந்தின. ஹோலின் வெற்றிக்குக் காரணம் அவர் ஒவ்வோர் உறுப்புக்கும் வைத்திருந்த கணிச்சிகளேயாம்.

புகுமுனையும் புகாமுனையும்

கணிச்சி என்பதன் நுட்பம் எளிது. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை வேண்டும் எனக் கொள்வோம். எந்த இயந்திரமும் அதனைச் சரியாக 20 எனத் துளையிட்டுவிடாது. ஆகவே, இவ்வளவு வரை கூடலாம், இவ்வளவு வரை குறையலாம் என ஓர் எல்லை வகுக்கின்றனர். இதனைப் பொறுதி என்பர். கணிச்சியின் ஒரு முனை மிகச் சிறிய துளையின் அளவு. மறுமுனை மிகப் பெரிய துளையின் அளவு. முதல் முனை துளையில் புகவேண்டும், மறுமுனை புகலாகாது. இரண்டும் நிறைவேறினால் உறுப்பு தேறிற்று. இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை; வாதத்துக்கும் இடமில்லை.

துவக்குத் தானே இயங்கத் தொடங்கியபோது இக்கட்டுப்பாடு இன்னும் இறுகிற்று. 1936 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கரண்ட் துவக்கு இவ்வகையினது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி; அவ்வெடியின் வாயுவே வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். கையால் இயக்கும் துவக்கில் ஓர் உறுப்புச் சற்று இறுகினால் மனிதன் கை அழுத்தி நகர்த்தும். தானியங்கும் உறுப்புக்கு அத்துணையில்லை. இறுகினால் நிற்கும், தளர்ந்தால் தேயும். நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இந்நியாயமே பொருந்தும்.

ஒரு குறி சான்றாகுமா?

1860 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் விக்டோரியா அரசியார் விம்பிள்டனில் ஜோசப் விட்வேர்த் செய்த துவக்கைச் சுட்டார். 400 யார் தூரத்தில் இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துள் குண்டு பாய்ந்தது. அரசியார் குறிபார்க்கவில்லை, தாங்கியில் முன்னரே நிலைநிறுத்தப்பட்ட துவக்கின் விசையைப் பட்டுக்கயிற்றால் இழுத்தார். விட்வேர்த் அளவறிவில் மேதை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு வெடியைக் கொண்டு ஒரு துவக்கின் செம்மையை யாரும் முடிவுசெய்யார்.

பத்துக் குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தும், அவ்விடம் நடுவுக்கு அப்பால் இருக்கலாம். அங்கே செறிவு உண்டு, செம்மை இல்லை. பூச்சிய வழுவுள்ள திருகுக் கணிச்சியால் மாணவன் பத்து முறை அளந்தாலும் ஒரே பிழையான விடையே வருமன்றோ? பலமுறை அளத்தலும், அளக்கும் கருவியையே முதலில் அளந்து பார்த்தலும் ஆகிய இரண்டும் வேண்டும்.

இரண்டாவதைச் செய்ய வழி தந்தவரும் ஒரு துவக்குத் தொழிற்சாலையின் பரிசோதகரே. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா நகரில் பணிபுரிந்த யொஹான்சன், 1896 ஆம் ஆண்டில் 102 எஃகுக் கட்டைகள் கொண்ட ஒரு தொகுதியை வகுத்தார். அவற்றை வேண்டியவாறு ஒட்டிச் சேர்த்தால், நூற்றில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் 20,000 அளவுகள் கிடைக்கும். 1923 இல் ஹென்றி போர்ட் அவரைத் தம் மோட்டார் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். துவக்குக்குப் பிறந்த அளவு வண்டிக்கும் கலப்பைக்கும் உரியதாயிற்று.

நம் பட்டறைகளில்

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் உள்ளன. அங்குப் பயிலும் இளைஞர் கையிலுள்ள வேணியர் இடுக்கியும் நுண்மானித் திருகுக் கணிச்சியும் மேற்சொன்ன வரலாற்றின் வாரிசுகளே.

வன்னியின் வெயிலில் மற்றுமோர் எச்சரிக்கை வேண்டும். அளவுகளுக்குரிய வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என உலகம் ஒப்புக்கொண்டுள்ளது. 100 மில்லிமீற்றர் எஃகுத் தண்டு 10 பாகை வெப்பம் ஏறினால், நூற்றில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நீளும். நண்பகலில் முற்றத்தில் கிடந்த தண்டை உடனே எடுத்து அளத்தல் தகாது. கருவியும் பொருளும் ஒரே நிழலில் சிலநேரம் கிடந்து ஆறட்டும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர், உழவு காலத்தில் முறிந்த தண்டுக்கு மாற்றுத் தேடும்போது, மினுக்கத்தையும் பெட்டியின் அச்செழுத்தையும் நம்பலாகாது. பழைய தண்டின் தேயாத பகுதியையும் புதிய தண்டையும் அருகருகே வைத்து அளக்கவேண்டும். ஒரே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்தால் வட்டம் மெய்யானதா எனத் தெரியும். மூன்றிடங்களில் அளந்தால் நெடுகிலும் ஒரே பருமனா எனத் தெரியும். அராவினாற்றான் பொருந்தும் என்று விற்பவர் சொல்வாராயின், அது அவ்வியந்திரத்துக்குரிய உறுப்பன்று. வேலையில் நடுவழியே முறியும் உறுப்பின் விலை, கடையில் கொடுத்த பணம் மட்டுமன்று. தவறிய பருவமும் அதனுடன் சேரும்.

அளவு அறியாத கருவிக்குச் சான்று நம் காட்டோரங்களிலேயே உண்டு. கட்டுத்துவக்கு, வந்தது பன்றியா, மாடா, மனிதனா என அறியாது. கயிற்றில் கால் பட்டதும் வெடிக்கும். சட்டம் அதனைத் தடுத்துள்ளது. அத்தகைய கருவியைச் செய்ய ஒரு குழாய்த்துண்டு போதும், அறிவு வேண்டியதில்லை. ஆனால், ஒரு நீர்ப்பம்பியை ஆண்டாண்டாக ஓடச்செய்ய அளவறிந்த கை வேண்டும். நம் இளைஞர் அக்கைத்திறனை ஈட்டுவாராக. துவக்கால் மிகுதியும் இழந்த நிலம், துவக்குச் செய்தோர் கண்ட கலையினின்றும் தன் பங்கைப் பெறுதல் முறையே.