கூற்று உரிமையும் பெயர் இழப்பும்: ஜீன் ரைஸின் புதினத்தை முன்வைத்து

நிகழ்வு ஒன்றேயாயினும் அதனைக் கூறுவோர் மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது. தமிழ் அகமரபு இதனைக் 'கூற்று' என்னும் சொல்லால் உணர்த்திற்று. யார், யாரிடம், எச்சூழலில் பேசுதற்குரியர் என்பதைத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. பின்காலனியப் புதினங்களில் இவ்வினா அரசியல் வினாவாகவும் உருக்கொள்கிறது. டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ' என்னும் புதினத்தின்வழி இதனை நாம் காண்போம்.

சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847) முழுவதும் ஜேனின் தன்மைக் கூற்றாகவே அமைந்துள்ளது. அதில் ராச்செஸ்டரின் முதல் மனைவியான பெர்த்தா, மாளிகையின் மேல்தளத்தில் அடைக்கப்பட்ட பித்துற்ற பெண்ணாக மட்டுமே தோன்றுகிறாள். ஜமைக்காவைச் சேர்ந்த அவளது முன்கதையைக் கணவனே கூறுகிறான். அவளுக்கெனக் கூற்று இல்லை.

ரைஸ் அவளுக்கு அந்துவானெட் என்ற பெயரையும் குரலையும் வழங்குகிறார். முதற்பகுதி அவளது கூற்றாகும். 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் அடிமை உடைமையாளரான அவளது குடும்பம் நலிவுறுகிறது. கறுப்பினத்தார் அவளை வெறுக்கின்றனர். ஆங்கிலேயரோ தம்முள் ஒருத்தியாக ஏற்பதில்லை. இரண்டாம் பகுதியின் பெரும்பகுதி கணவனின் கூற்றாக மாறுகிறது. கூற்றுரிமை அவன்பால் சென்ற இப்பகுதியிலேயே அவன் அவளைப் 'பெர்த்தா' என அழைக்கத் தொடங்குகிறான். அது தன் பெயரன்று என அவள் மறுத்தும் பயனில்லை. அகப்பாடல்களில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டாமை அவர்களைப் பொதுமைப்படுத்துகிறது. இங்குப் பெயர் மாற்றமோ ஒருத்தியின் தன்னடையாளத்தையே அழிக்கிறது. மூன்றாம் பகுதியில், காவற்பெண்ணின் சிறு முன்னுரைக்குப்பின் கூற்று மீண்டும் அந்துவானெட்டிடம் வருகிறது. முந்தைய புதினத்தில் பித்தின் விளைவாகத் தெரிந்த தீ, இங்குத் தன்னை மீட்க முனையும் ஒருத்தியின் கனவாக வெளிப்படுகிறது.

எனினும் இம்மீட்பு முழுமையானதன்று. மார்த்தினிக்கைச் சேர்ந்த கறுப்பினப் பணிப்பெண் கிறிஸ்டோஃபின், கணவனை நேர்நின்று வினவும் ஆற்றலுடையவள். ஆயினும் புதினத்தின் எப்பகுதியும் அவளது கூற்றாக அமையவில்லை. இறுதிப் பகுதிக்கு முன்னரே அவள் கதையிலிருந்து விலகிவிடுகிறாள். காயத்ரி ஸ்பிவாக் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். ஆகவே, ஒரு புதினம் எவருக்குக் குரல் வழங்கியது என்பதோடு, அக்குரலின் நிழலில் எவர் பேச்சற்று நின்றனர் என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.