தேசி மரத்தை வெட்டுவதற்கு முன்

வீட்டுத்தோட்டம் என்றதும் கத்தரி, மிளகாய், பயிற்றை என்றுதான் நாம் கணக்கெடுப்போம். வேலியோரம் நிற்கும் தேசி மரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் வெருகல் பிரதேசத்தில் கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் சகோதரிகளின் வளவுகளில், 2006இல் இடம்பெயர்ந்து 2007இல் திரும்பி வந்தபின் நட்ட மரங்கள் சில இன்றும் நிற்கின்றன. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் உதவும் மரம் அது. விதையில் முளைத்த கன்று காய்க்க மூன்று முதல் ஐந்து வருடங்கள் எடுக்கும். வெட்டினால் அத்தனை வருடமும் வீண்.

மாரி முடிந்ததும் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான். "காயெல்லாம் சொறி பிடிச்சுப் போச்சு தங்கச்சி, கண்ணூறு பட்டிருக்கு." கண்ணூறோடு நின்றால் பரவாயில்லை. மாதவிலக்கு நாளில் தொட்டாள், தாலியில்லாதவள் பிடுங்கினாள் என்று பழி கடைசியில் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. மரத்தில் கை வைக்காதே என்று விலக்கினால், காயோடு சேர்ந்து காய் விற்ற காசும் அவளது கையை விட்டுப் போகிறது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

சொறி நோய்க்குக் காரணம் ஒரு பற்றீரியா. முதலில் இளம் இலையில் குண்டூசித் தலையளவு நீர்ப்புள்ளி தோன்றும். பின்னர் அது கபில நிறமாகத் தடித்து, சுற்றிவர மஞ்சள் வளையம் கட்டும். காயில் சொரசொரப்பாக எழும்பி நடுவில் வெடிக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பு மட்டும் துடைபட்டு வந்தால் அது சொறியல்ல, சாறுறிஞ்சும் பூச்சிகளின் கழிவில் படரும் கரிப்பூஞ்சணம். சவர்க்கார நீர் தெளித்துப் பூச்சியை ஒழித்தால் அது குறையும்.

சொறிக் கிருமியைக் காற்றோடு அடிக்கும் மழைதான் பரப்புகிறது. இலைக்குள் வெள்ளிக்கோடு இழுக்கும் சிறு புழு போட்ட காயங்கள் அதற்கு வாசல் திறந்துவிடுகின்றன. ஈரமாக நிற்கும் மரத்தைத் தொட்ட கையும் கத்தியும் அதைக் கொண்டு போகும். ஆகவே தொடக்கூடாத நாள் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மரம் ஈரமாக இருக்கும் நாள். யாருடைய கை என்பதில் ஒன்றுமில்லை.

மழை ஓய்ந்து மரம் காய்ந்தபின் சொறி கண்ட கொப்புகளை வெட்டி, விழுந்த இலை காய்களோடு கூட்டி எரியுங்கள். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். புதிய தளிர் வரும்போது போர்டோ கலவை தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு 5 லீற்றர் நீரிலும் பிளாஸ்ரிக் வாளிகளில் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஓர் இரும்பாணியைத் தோய்த்து எடுங்கள். அதில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு தேவை. அன்றே தெளித்து முடியுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். இலைப்புழுவுக்கு வேப்பம் பருப்பு 500 கிராமை இடித்து, 10 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளித்தால் போதும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இதே சொறியை ஒழிக்க 1995 முதல் பெருந்திட்டம் ஒன்று நடந்தது. ஒரு கட்டத்தில், நோய்கண்ட மரத்திலிருந்து 1,900 அடிக்குள் நின்ற தேசி, தோடை இன மரங்களையெல்லாம் வீட்டு முற்றங்களுக்குள்ளும் புகுந்து வெட்டினார்கள். 2004, 2005ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் கிருமியை எங்கும் விதைத்துவிட, 2006 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நோயோடு மரம் வளர்க்கத்தான் அவர்களும் பழக வேண்டியிருந்தது.

மரத்தைக் கொல்வது வேறு நோய். அடிமரத்தில் பிசின் வடிந்து, பட்டை அழுகி, கொப்புகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தால் பயப்படத்தான் வேண்டும். ஆற்றுவெள்ளம் தேங்கும் எமது வளவுகளில் இதற்கே இடம் அதிகம். வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுங்கள். அடிமரத்தில் மண்ணோ குப்பையோ அணைக்காதீர்கள். அழுகிய பட்டையைச் சீவி, அதே 100 கிராம் துத்தமும் சுண்ணாம்பும் ஒரு லீற்றர் நீரில் கரைத்த பசையைப் பூசுங்கள்.

நடுநரம்பின் இருபுறமும் ஒத்துப்போகாமல் இலை திட்டுத்திட்டாக மஞ்சளித்து, காய் கோணலாகச் சிறுத்து, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நின்றால் அதற்கு மருந்தில்லை. வெட்டும் முடிவுக்கு வரமுன் விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுங்கள். 1920 என்ற இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்திடமும் கேட்கலாம்.

சொறிக் காயை அரைவிலைக்குக் கேட்கும் வியாபாரியிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பழுது தோலில்தான். சாற்றில் குறையில்லை, மனிதருக்கு அது தொற்றவும் மாட்டாது. சொறியைச் சீவிவிட்டு நாலாகக் கீறி, உப்பிட்டு வெயிலில் காயவைத்தால் ஊறுகாய்க்கு ஆகும். நல்ல காய்களைத் தனியாகப் பிரித்து முழுவிலைக்கு விற்கலாம்.