பொன்மலைப் பட்டறையும் கொல்லைப்புற ரயிலும்

அரிசி, பருப்பு, எண்ணெய், வரி, லைசென்ஸ் என்றே பேசிவரும் நமது இதழில் ரயில் வண்டிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். வீட்டுக் கொல்லையில் ஓடும் சிறிய ரயிலைப் பற்றித்தான் எழுத வந்தோம். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பொன்மலை செய்த வேலை

திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928இல் இங்கே கொண்டுவந்தது. அன்று முதல் பட்டறைச் சம்பளத் தேதியை வைத்தே பற்று எழுதி வரவு வைத்த மளிகைக் கடைகள் நம்மில் எத்தனையோ உண்டு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் ரயில் போனது. சுமார் 46 கிலோமீட்டர் தூரம். குன்னூர் வரையுள்ள ஏற்றத்தில் 12 அடி போனால் ஓர் அடி உயரும் இடம்கூட உண்டு. வெறும் சக்கரத்தால் அதில் ஏற முடியாது. எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது. அந்த என்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை செய்து முடித்த நீராவியையே மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பற்சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். ஒரே சரக்கில் இரண்டு லாபம் பார்ப்பது போல.

‘எக்ஸ்’ வகை என்ற இந்த என்ஜின்களை சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். கம்பெனி செய்து அனுப்பியது. 1914 முதல் 1925 வரை 12. பிறகு 1952இல் 5. அதன்பின் புது என்ஜின் அங்கிருந்து வரவில்லை. அந்தக் கம்பெனியும் இன்று அந்தப் பெயரில் இல்லை. சரக்குப் போட்டவர் கடையை மூடிவிட்டால் நாம் என்ன செய்வோம்? வேறு சரக்கு தேடுவோம். மலை ரயிலுக்கோ வேறு சரக்கு கிடையாது.

கைகொடுத்தது பொன்மலைதான். இந்த என்ஜின்களைக் கழற்றிப் பழுதுபார்த்து, ஒவ்வோர் உறுப்பின் அளவும் அறிந்திருந்த பட்டறை அது. 2011 தொடங்கி, எண்ணெயில் எரியும் புது எக்ஸ் என்ஜின்கள் நான்கைச் செய்து கொடுத்தது. 2021இல் நிலக்கரியில் ஓடும் புது என்ஜின் ஒன்றையும் செய்து மலைக்கு அனுப்பியது. நீராவி என்ஜின் காலம் முடிந்து எத்தனையோ வருஷங்கள் கழித்து, நமது ஊரில் நடந்த வேலை இது. கம்பெனி போனாலும் அளவு கையில் இருந்தது. அதனால் என்ஜின் பிழைத்தது.

தகரக் கடைக்காரர் கண்ட வழி

இதே வேலையைச் சிறிய அளவில், பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் மண் மேட்டைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, தாங்களே செய்த என்ஜினையும் பெட்டிகளையும் ஓட்டுகிறார்கள். தோட்ட ரயில் என்று பெயர். இதன் ஆரம்பமும் ஒரு சிறு வணிகக் குடும்பத்தில்தான்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் மார்க்ளின் என்ற தகர வேலைக்காரர் 1859இல் பொம்மை வீட்டுக்கான சின்னச் சின்னச் சமையல் பாத்திரங்கள் செய்து விற்கத் தொடங்கினார். அவர் மனைவி கரோலின் ஊர் ஊராகச் சென்று ஆர்டர் பிடித்தார். 1866இல் கணவர் இறந்த பிறகும் அந்த அம்மாள் தொழிலைக் கைவிடவில்லை. பிற்பாடு பிள்ளைகள் பொறுப்பேற்று, 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயிலை வைத்தார்கள். பொம்மை ரயில் அதற்கு முன்பும் உண்டு. இவர்கள் செய்த புதுமை, தண்டவாளத்தின் அகலத்துக்கு நம்பர் கொடுத்து அதை மாற்றாமல் வைத்ததே. இன்று என்ஜின் வாங்கியவர் அடுத்த வருஷம் பெட்டி வாங்கலாம், அதற்கடுத்த வருஷம் தண்டவாளம் வாங்கலாம், எல்லாம் பொருந்தும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வந்தார்.

1968இல் இன்னொரு ஜெர்மன் கம்பெனி 45 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ‘எல்.ஜி.பி.’ என்ற தோட்ட ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் அது நொடித்துப்போக, 2007இல் மார்க்ளின் அதை வாங்கியது. 2009இல் மார்க்ளினே திவாலாகிப் பிறகு தேறி எழுந்தது. முதலாளிகள் மாறினார்கள், 45 மில்லிமீட்டர் மாறவில்லை. இன்றும் தோட்ட ரயிலுக்கு அதுதான் பாதை.

நம் மீட்டர் கேஜுக்குப் பொருத்தம்

பழைய வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். மலைக்கோட்டை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, கொத்தவால்சாவடிக்குச் சரக்குப் பார்க்கப் போன காலம். ஸ்ரீரங்கம் வழியாகப் போன அந்தப் பாதை மீட்டர் கேஜ். அதாவது தண்டவாள அகலம் சரியாக ஒரு மீட்டர். 1992இல் தொடங்கிய அகலப்பாதைத் திட்டத்துக்குப் பிறகு அந்தப் பாதையும் மாறியது, பெட்டிகளும் போயின. நம் வீட்டுக் குழந்தைகள் அவற்றைப் பார்த்ததில்லை.

ஒரு மீட்டரை இருபத்திரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே 22.5இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நாம் ஏறிப்போன அதே ரயிலைக் கொல்லையில் ஓட்டலாம். அசலில் ஓர் அடி, மாதிரியில் பதின்மூன்றரை மில்லிமீட்டர். மனக்கணக்கிலேயே போடலாம்.

எடைக் கணக்குதான் வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், எடை பதினோராயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஏறக்குறைய 50 டன் எக்ஸ் என்ஜினை அதே உலோகத்தில் சுருக்கினால் நாலரைக் கிலோவுக்குள் அடங்கும். நம் 25 கிலோ அரிசிச் சிப்பம் 2 கிராம் சொச்சம் ஆகிவிடும்!

பெட்டி செய்யும் முறை

நமது வீடு ஸ்ரீரங்கத்தில். கடை முன்பக்கம், கொல்லை பின்பக்கம். ராத்திரி கடை கட்டிய பிறகு அரைமணி நேரம் என்று தொடங்கியது இந்தப் பழக்கம். நாம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் சக்கரம். அதை விலைக்கு வாங்கலாம், அல்லது லேத் பட்டறையில் கடையக் கொடுக்கலாம். ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 40 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். எல்லா அச்சுக்கும் ஒரே அளவு. ஒன்று கூடிக் குறைந்தாலும் பாதை பிரியும் இடத்தில் வண்டி கவிழும்.

அடுத்து அடித்தளம். பழைய மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி 64 அடி நீளம், 9 அடி அகலம். நமக்கு அது 87 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். இவ்வளவு நீளப் பெட்டி திரும்ப வளைவின் ஆரம் 6 அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இடம் இல்லாதவர்கள் ஜன்னல்களில் சிலவற்றை விட்டுவிட்டுக் குட்டையாகச் செய்வதும் உண்டு.

உடம்புக்கு மெல்லிய பிளைவுட்டோ தேக்குச் சட்டமோ போதும். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் ரகம் வேண்டும். நமது முதல் பெட்டிக்குக் கிடைத்த பலகையைப் போட்டோம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வெளியே மறந்துவிட, காலையில் அப்பளம் போல உப்பிக் கிடந்தது. கூரைக்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது: காலியான 15 கிலோ எண்ணெய் டின். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தகரத்தை வெட்டி, உருண்டையான கட்டையின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு ஒரு கை, அதன்மேல் எனாமல் இரண்டு கை. மலை ரயில் பெட்டிக்கு நீலமும் சந்தன வண்ணமும்.

இரண்டாவது பெட்டியில் இன்னொரு பாடம். நீளத்தை ஒரு ஸ்கேலிலும் அகலத்தை வேறொரு டேப்பிலும் அளந்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்திருக்கிறது. கூரை உட்காரவே இல்லை. கடையில் முத்திரை போட்ட எடைக்கல்லைத் தவிர வேறு கல்லைத் தொடாத நாம், கொல்லையில் அதை மறந்தோம்.

என்ஜினும் பாதையும்

எடுத்த எடுப்பில் நீராவி என்ஜினுக்குப் போகாதீர்கள். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜின் பெட்டி போன்ற உருவம் உடையது; செய்வது சுலபம். உள்ளே மோட்டாரும், சார்ஜ் செய்யும் பேட்டரியும் வைத்தால் போதும். தண்டவாளத்தில் மின்சாரம் கொடுத்தால் நமது ஊர்த் தூசிக்கும் இலைதழைக்கும் தினமும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீராவி என்ஜின் உருவம்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடப்பக்கச் சக்கரத்தின் கிராங்கும் வலப்பக்கச் சக்கரத்தின் கிராங்கும் கால் சுற்று வித்தியாசத்தில் இருக்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கால் சுற்று துளியும் பிசகக் கூடாது. பிசகினால் சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

உண்மையாகவே நீராவியில் ஓட்ட ஆசைப்பட்டால், பாய்லர் வேலையை வீட்டில் முயலவே வேண்டாம். செம்புப் பாய்லரை வெள்ளிப் பற்று வைத்து இணைத்து, ஓடும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, சேஃப்டி வால்வும் பொருத்திய பிறகே நெருப்பு வைக்க வேண்டும். பெரிய பாய்லர்கள் செய்யும் பி.எச்.இ.எல். ஆலை உள்ள ஊர் நமது ஊர். இந்த வேலையின் அருமை தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து ஒப்படையுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பாதைக்கு மண்ணை இறுக்கி, மேலே பொடி ஜல்லி பரப்ப வேண்டும். ஏற்றம் 50 அடிக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம். திருச்சி வெயிலையும் மறக்கக் கூடாது. 10 மீட்டர் நீளப் பித்தளைத் தண்டவாளம், ராத்திரிக் குளிர்ச்சிக்கும் மத்தியான வெயிலுக்கும் 35 டிகிரி வித்தியாசம் என்றால் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாதை பாம்பு போல் நெளிந்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனி நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுங்கள். கடை முதலை எடுத்து ரயில் விடக் கூடாது.

நாம் இழந்த அளவு

இனி, தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம்.

நமது தகப்பனார் காலத்தில் கடையில் சாம்பார்ப் பொடி அரைத்து விற்றோம். சித்திரை வீதி, உத்தர வீதி வீடுகளுக்கெல்லாம் போகும். மிளகாய், தனியா, துவரம் பருப்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று எல்லோரும் அறிந்த சரக்குதான். எது எத்தனை பலம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 1962இல் கிலோ கட்டாயமான பிறகும் அவர் மனத்தில் ஓடியது பலக் கணக்குதான். “எழுதி வையுங்கள் அப்பா” என்று நாம் கேட்டதுண்டு. “கைக்குத் தெரியும்டா, காகிதம் எதுக்கு?” என்பார். நாமும் விட்டுவிட்டோம்.

அவர் காலமான பிறகு அதே சரக்கை, அதே மிஷினில் அரைத்தோம். வாடிக்கையாக வாங்கும் மாமி ஒருவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொடி நன்னாத்தான் இருக்கு. ஆனா இது உங்கப்பா பொடி இல்லை.” ஒவ்வொரு வீடாக நின்றது. எத்தனையோ விதமாகக் கலந்து பார்த்தும் அந்த ருசி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கடல் கடந்த கம்பெனி செய்த என்ஜினைப் பொன்மலை மறுபடி செய்துவிட்டது. நமது வீட்டுப் பொடியை நம்மால் மறுபடி செய்ய முடியவில்லை. அங்கே அளவு இருந்தது, இங்கே இல்லை.

நம்மில் ஒவ்வொருவர் கடையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எந்த மாதம் எந்த ஊர்ப் பருப்பை வாங்கலாம், புளியை எப்படிக் கட்டி வைத்தால் கறுக்காது, யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்பவை நமது தலைக்குள் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் கடைக்கு வருகிறார்களோ இல்லையோ, எழுதி வைப்பது நமது கடமை. வருகிறவர்களுக்குப் பயன்படும், வராதவர்கள் என்றாவது தேடும்போதும் கிடைக்கும்.

மூன்றாவது பெட்டி செய்யும்போது அளவுகளைக் குறிக்க நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். முன்பக்கத்திலிருந்து ரயில் கணக்கு எழுதினோம். பாதி நோட்டு மீதம் இருந்தது. அதைத் திருப்பி வைத்து, பின்பக்கத்திலிருந்து கடை விஷயங்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில், இப்போது நாம் அரைக்கும் பொடியின் அளவு, கிராம் கணக்கில். அப்பா பொடி இல்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டோம். நீங்களும் இந்த வாரக் கடை விடுமுறையில் ஒரு பக்கமாவது எழுதுங்கள்.