நாளுக்கு ஒரு வசனம்



தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில், புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையை ஒட்டி ஒரு வழக்கம் உண்டு. சிறு அட்டைகள் ஒரு தட்டில் குவிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம் அச்சிட்டிருக்கும். சிறுவர் முதல் முதியோர் வரை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வர். வாக்குத்தத்த அட்டை என்பது அதன் பெயர். ஆசீர்வாதம் கூறும் வசனங்களே அவற்றில் மிகுதி. கடிந்துரைக்கும் வசனத்தைக் காண்பது அரிது. "இது பக்தியா, அல்லது கிளி எடுத்துத் தரும் சோதிடச் சீட்டா?" என்று வேற்றுச் சமயத்து நண்பர் ஒருவர் கேட்பாராயின், என்ன விடை கூறுவது? கேட்கத் தகுந்த வினாவே அது. விடை காண வேண்டுமாயின், சீட்டெடுத்து வசனம் தேரும் வழக்கத்தை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் காத்துவரும் ஓர் ஊரின் வரலாற்றை அறிதல் நலம்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் இருக்கிறது. மொரேவியாவில் சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த ஏழைக் குடும்பங்கள், 1722-இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அதை அமைத்தன. இப்பிரபு இளமையில் ஹாலே நகரப் பள்ளியில் பயின்றவர். நம் தரங்கம்பாடியில் பணிசெய்த சீகன்பால்க் முதலியோரின் செய்திகள் அப்பள்ளியில் ஆவலோடு கேட்கப்பட்ட காலம் அது.

அடைக்கலம் தேடி வந்தவர்கள் ஒற்றுமையாக வாழ்ந்திருப்பர் என்று நாம் எண்ணுவோம். அவர்களோ ஓயாது பூசலிட்டனர். 1727-இல்தான், பிரபுவின் பெருமுயற்சியால், ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் மாலை, மறுநாளுக்குரிய சிந்தனையாக ஒரு சிறு வாசகத்தைப் பிரபு சபையாருக்கு வழங்கினார். அன்று ஊரில் இருந்த வீடுகள் முப்பத்திரண்டு. அந்நாள் முதல் காலைதோறும் சபையைச் சேர்ந்த ஒருவர் வீடு வீடாகச் சென்று அன்றைய வாசகத்தைக் கூறலானார். கூறிவிட்டு உடனே திரும்பிவிடவில்லை. அவ்வீட்டார் நிலைமை யாதென்று விசாரித்தும் வந்தார். நேற்று வரை பிணங்கியிருந்தவன் வீட்டு வாயிலில் இன்று நின்று நலம் கேட்க வேண்டியதாயிற்று! வசனத்தைச் சொல்வதினும் அது கடினமான செயல் என்பது என் கருத்து.

1731-ஆம் ஆண்டுக்குரிய வாசகங்கள் நூலாக அச்சாயின. அன்றுதொட்டு ஆண்டுதோறும் வெளிவரும் அந்நூல் இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது. பழைய ஏற்பாட்டிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 1,800 வசனங்களுள், நாளுக்கு ஒன்றாக ஹெர்ன்ஹூட்டில் சீட்டெடுப்பர். அதற்கு இயைந்த புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஆய்ந்து தெரிந்து உடன் சேர்ப்பர். முன்னது சீட்டால் வருவது. பின்னது சிந்தனையால் வருவது. அச்சீட்டுகளில் வாக்குறுதி மட்டுமன்று, கட்டளையும் எச்சரிக்கையும் உண்டு. நாமே தேர்ந்தெடுப்பின் நம்மைச் சுடும் வசனத்தை நாம் எடுப்போமா? விருப்பமான வசனங்களை மட்டும் அட்டையில் ஏற்றுவது, மாணவன் தனக்குத் தெரிந்த வினாக்களைக் கொண்டே வினாத்தாள் அமைத்துக்கொள்வதை ஒக்கும்.

ஆயினும் அச்சீட்டு எதிர்காலத்தை உரைப்பதில்லை. இதற்கு டீட்ரிக் பான்ஹோஃபர் என்னும் ஜெர்மானியப் போதகரின் வாழ்க்கை சான்று. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த அவர், போர் மூளும் தறுவாயில், 1939 ஜூன் மாதம் நண்பர்களின் அழைப்பை ஏற்று நியூயார்க் சென்றார். அங்கே பாதுகாப்பும் உண்டு, பணியும் உண்டு. மனமோ அமைதி கொள்ளவில்லை. ஜூன் 20-ஆம் நாள் அப்பணியை மறுத்துரைத்தார். 24-ஆம் நாளுக்குரிய வாசகமாக ஏசாயா 28:16 வந்தது. நம் தமிழ் வேதாகமம் பதறாமையைப் பேசும் அவ்விடத்தில், லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஓடிப்போகாமையைப் பேசுகிறது. இரண்டு நாள் கழித்து, குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவை வேண்டும் பகுதியைத் தற்செயலாகப் படித்தார். அதைத் தமக்குரிய சொல்லாகக் கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வது ஆகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். தேதிகளின் வரிசையை நோக்குங்கள். பணியை மறுத்தது முன்னர். வசனங்கள் வந்தது பின்னர். அவர் சீட்டைப் பார்த்து முடிவு செய்யவில்லை. செய்த முடிவில் தளராது நிற்க அவ்வசனங்கள் துணைசெய்தன.

அத்தகைய உள்ளம் ஒரே நாளில் அமைவதன்று. 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டில் அவர் நடத்திய குருமடத்தில், மாணவர்கள் காலைதோறும் அரைமணி நேரம் ஒரு வேதப்பகுதியை மௌனமாகத் தியானிக்க வேண்டும். ஒரு வாரம் முழுவதும் அதே பகுதிதான். விளக்க நூல்களைப் புரட்டலாகாது, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கலாகாது. மாணவர் பலருக்கு இது பெருந்தொல்லையாகவே இருந்தது. இரகசியப் போலீசார் 1937-இல் அக்குருமடத்தை மூடிவிட்டனர்.

1943 ஏப்ரலில் பான்ஹோஃபர் சிறைப்பட்டார். சிறையிலும் அன்றாட வாசகங்களை அவர் விடவில்லை. 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பவேரியாவில் ஷான்பெர்க் என்னும் ஊரின் பள்ளிக்கூட அறை ஒன்றில் கைதிகள் பலரோடு அவர் அடைபட்டிருந்தார். ஆராதனை நடத்தும்படி உடனிருந்தோர் வேண்டினர். அவர் தயங்கினார். அங்கிருந்தோருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கொகோரின் என்னும் சோவியத் அதிகாரியோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர்மீது தம் சமயத்தைத் திணிக்கப் பான்ஹோஃபர் விரும்பவில்லை. கொகோரினும் இசைவு தெரிவித்த பின்னரே ஆராதனை தொடங்கியது. பிறருக்காகப் பட்ட காயங்களால் குணம் உண்டாவதைக் கூறும் ஏசாயா 53:5, உயிருள்ள நம்பிக்கையைப் பற்றிய 1 பேதுரு 1:3 ஆகியவை அன்றைய வாசகங்கள். அவ்வறையில் இருந்தோரின் நிலைமைக்கு ஏற்ப அவற்றை விளக்கிப் பேசி, ஜெபத்தை முடித்தார். சற்று நேரத்தில் கதவு திறந்தது. வந்தவர்கள் அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் விடியலில், ஃப்ளோசன்பர்க் முகாமில், தம் முப்பத்தொன்பதாம் வயதில் அவர் தூக்கிலிடப்பட்டார்.