பிளாட்டுக்குள் ஒரு வேட்டை நாய்

சான்பாடாவில் எங்கள் பில்டிங்குக்கு எதிரில் குடியிருக்கும் தமிழர் ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது ராஜபாளையம் குட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். பால் போன்ற வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

இரண்டு வருடம் சென்றது. நாய் தொடை உயரம் வளர்ந்து விட்டது. ஆனால் உடம்பெல்லாம் கொழுப்பு. கட்டில் காலைக் கடித்துக் குதறியது. இரவெல்லாம் ஊளையிட்டது. சொசைட்டியில் புகார் கொடுத்தார்கள். "யாரிடமாவது கொடுத்து விடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பிள்ளைகள் அழுதார்கள்.

நாய் மீது குற்றம் இல்லை. வீட்டுக்காரர் காலையில் லோக்கல் ஏறினால் இரவுதான் திரும்புவார். அதுவரை அது சங்கிலியில் கிடந்தது.

ஓடப் பிறந்த கால்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம் தென் மாவட்டத்து நாய்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. 2005-ம் ஆண்டில் தபால் துறை வெளியிட்ட நாய் தபால் தலைகளில் ராஜபாளையமும் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலி உரையில் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெருமைக்காக வாங்கி அறைக்குள் பூட்டினால் என்ன பயன்?

இத்தகைய நாய்க்குத் தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் தேவை. அதைக் காலை, மாலை என்று பிரித்துக் கொள்ளலாம். குட்டிக்கு இவ்வளவு கூடாது. எலும்பு முற்றும் வரை கொஞ்ச நேர விளையாட்டே போதும். சப்பை மூக்கு 'பக்' வகைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதை ஓட விடாதீர்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் உண்டு. பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் கேட்காது. சங்கிலி இல்லாமல் ரோட்டில் விடவே கூடாது. (கழித்ததைக் காகிதத்தில் அள்ளிப் போடுங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும்.)

வயிறு நிறையச் சோறு போட்டவுடன் ஓட்டாதீர்கள். மார்பு அகன்ற பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக் கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். நடந்து வந்து, இரைப்பு அடங்கிய பிறகு உணவு கொடுப்பது நல்லது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள்.

மழைக் காலம்

நம் ஊர் மழையில்தான் சங்கடம். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வருகிறது. 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் எத்தனையோ பேரைப் பாதித்த அதே நோய்தான் நாய்க்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடி ஊசியையும் டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும். தண்ணீர் தேங்கிய தெருவைத் தவிர்த்து, வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடையுங்கள். விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைமழை நாளில் கயிறு இழுக்கும் விளையாட்டு, பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தேடச் செய்வது எல்லாம் கைகொடுக்கும்.

எதிர் வீட்டுக்காரர் நாயைக் கொடுக்கவில்லை. மாலை நடைக்கு மூத்த பையன் பொறுப்பு. காலையில் அவரே அழைத்துப் போகிறார். ஊளைச் சத்தம் இப்போது இல்லை. வழக்கமான லோக்கலை விட்டுவிட்டு, அடுத்த வண்டியில் நின்று கொண்டே போகிறார்.